ஒட்டிய நாக்கு: வெட்டுவதும் விடுவதும்

பிறந்த குழந்தையின் நாக்குக்கும் வாயின் தரைக்கும் நடுவே மெல்லிய ஒரு மடிப்பு உண்டு. சில குழந்தைகளுக்கு அது நாக்கின் நுனிவரை நீண்டு இழுத்துப் பிடித்திருப்பதால், அழும்போது நாக்கு மேலே எழாமல், நுனியின் நடுவில் பள்ளம் விழுந்து இரு கூறாகத் தெரியும். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து வீடுகளில் இதைக் கண்ட பெரியவர்கள் ‘பிள்ளைக்கு நாக்கு ஒட்டியிருக்கு’ என்பார்கள். மருத்துவர்கள் ‘டங் டை’ என்கிறார்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான மதிப்பீடு, நூற்றில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இந்த அமைப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. புதிர் இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது. பார்வைக்கு ஒரே மாதிரியான மடிப்புள்ள இரு குழந்தைகளில் ஒன்று வயிறு முட்டக் குடித்து வாரந்தோறும் எடை ஏறுகிறது. மற்றொன்று முக்கால் மணி நேரம் மார்பில் கிடந்தும் பசி தீராமல் அழ, தாயின் முலைக்காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது. இந்த அமைப்பு உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் ஏற்படுகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அப்படியானால் வாயைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் ‘இது நோய், வெட்ட வேண்டும்’ என்று ஒருவர் எதைக் கொண்டு சொல்ல முடியும்?

விடை தேடுவதற்கு முன் அந்த மடிப்பு என்ன பொருளால் ஆனது என்பதை அறிய வேண்டும். கருவில் நாக்கு உருவாகும்போது அது வாயின் தரையோடு ஒட்டியே வளர்கிறது. பிறகு ஓரங்களிலும் நுனியிலும் உள்ள செல்கள் திட்டமிட்டபடி மடிந்து விலக, நாக்கு விடுதலை பெறுகிறது. விலகல் முழுமையடையாமல் எஞ்சும் பகுதியே நாவடி மடிப்பு. நெடுங்காலம் மருத்துவ நூல்கள் இதை நடுக்கோட்டில் ஓடும் ஒரு கயிறு அல்லது நார் என்றே விவரித்து வந்தன. கயிறு என்றால் அறுத்துவிடலாம் என்ற எண்ணம் தானாக எழுகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த குழந்தைகள் காது மூக்கு தொண்டை மருத்துவர் நிக்கி மில்ஸும் அவருடைய குழுவினரும் இறந்தோரின் உடல்களை நுணுக்கமாக அறுத்து ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட கட்டுரைகள் இந்தச் சித்திரத்தை மாற்றின. வாயின் தரை முழுவதும் ஒரு திசுப்படலம் விரிந்திருக்கிறது. நாக்கு மேலே எழும்போது அந்தப் படலத்தின் நடுப்பகுதி இழுபட்டு முகடாக எழுகிறது என்று அவர்கள் கண்டார்கள். தரையில் விரித்த ஈரத்துண்டை நடுவில் கிள்ளித் தூக்கினால் அந்த இடத்தில் ஒரு முகடு எழும்புகிறது, கையை விட்டால் அமிழ்ந்துவிடுகிறது; அந்த முகட்டைத் தனியான நூல் என்று யாரும் சொல்வதில்லை. நாவடி மடிப்பும் இப்படியே, நாக்கு எழும்போது மட்டும் தன்னைக் காட்டுகிற விரிப்பு. சிலருக்கு விரிப்பின் சளிப்படலம் மட்டும் எழுகிறது, சிலருக்கு உள்ளிருக்கும் கெட்டியான திசுவும் சேர்ந்து எழுகிறது, மிகச் சிலருக்கு அடியில் உள்ள தசையும் உள்ளே இழுபடுகிறது. எல்லாருக்கும் உள்ள ஓர் உறுப்பு அளவில் மாறுபடுவதே இது என்பதால், இந்த அளவுக்கு மேல் நோய் என்று கோடு கிழிக்க உடற்கூறு மட்டும் உதவாது. நாக்குக்கு உணர்வளிக்கும் நரம்பின் கிளைகள் இந்தப் படலத்துக்குச் சற்றே கீழே மேலோட்டமாக ஓடுகின்றன என்பதும் அதே ஆய்வுகளில் தெரியவந்தது. ஆழமாக வெட்டத் தயங்குவதற்கு அது போதிய காரணம்.

அடுத்து, பால் குடிக்கும் குழந்தையின் நாக்கு என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி. மாட்டின் மடியைக் கறப்பது போலக் குழந்தை காம்பைப் பிதுக்கிக் குடிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குழந்தையின் தாடைக்குக் கீழே மீயொலிக் கருவியை, அதாவது ஸ்கேன் கருவியை வைத்து, குடிக்கும்போதே உள்ளே நடப்பதைப் படம்பிடித்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. குழந்தை காம்பை மட்டுமின்றி அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் வாய் நிறையக் கவ்வி, நாக்கால் கீழிருந்து அணைத்து மூடிக்கொள்கிறது. பிறகு நாக்கின் நடுப்பகுதியும் தாடையும் கீழே இறங்க, வாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பால் தானாக இழுபட்டு வருகிறது. ஆகவே நாக்கின் நுனி எவ்வளவு தூரம் வெளியே நீள்கிறது என்பதைவிட, அதன் நடு உடல் எழுந்து இறங்க இடம் இருக்கிறதா என்பதே முக்கியம். ஆஸ்திரேலியாவில் டோனா கெட்டஸ் குழுவினர் 2008-இல், நாக்கு ஒட்டிய, குடிப்பதில் சிரமப்பட்ட 24 குழந்தைகளை இப்படிப் படம்பிடித்தபோது, அவர்களுடைய நாக்கு காம்பின் நுனியையோ அடியையோ நசுக்குவதையும், மடிப்பை வெட்டிய பிறகு பெரும்பாலானவர்களிடம் அந்த நசுக்கல் குறைந்து பால் வரத்து கூடுவதையும் கண்டார்கள். தாயின் வலிக்கும் குழந்தையின் பசிக்கும் ஒரே காரணம் இருக்கக்கூடும் என்பதற்கு இது கண்கூடான சான்று; ஆனால் இந்த 24 பேரும் சிரமப்பட்டதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் நோயறிதல் எங்கே நடக்க வேண்டும் என்பது தெளிவாகும்: பரிசோதனை மேசையின் மேல் மட்டும் அல்லாமல், தாயின் மடியில். பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் உருவாகி 2015-இல் வெளியான மதிப்பீட்டு முறை நான்கு கேள்விகளைக் கேட்கிறது. நாக்கின் நுனி எந்த வடிவில் இருக்கிறது, மடிப்பு கீழ் ஈறோடு எங்கே சேர்கிறது, வாயை அகலத் திறந்து அழும்போது நாக்கு எவ்வளவு உயர்கிறது, எவ்வளவு வெளியே நீள்கிறது என்ற ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் இரண்டு வரை மதிப்பெண் தந்து, எட்டுக்குக் கூட்டுகிறார்கள். குறைந்த மதிப்பெண் கடுமையான கட்டைக் குறிக்கும். இது பயனுள்ள பொதுமொழி. ஒரு செவிலியர் சொன்னதை மற்றொருவர் அதே பொருளில் புரிந்துகொள்ள உதவுகிறது. ஆனால் மதிப்பெண் மட்டும் கத்தரிக்கோலை எடுக்க வைக்கக் கூடாது. ஒரு முறை முழுதாகப் பால் கொடுக்கச் செய்து, குழந்தை எப்படிக் கவ்வுகிறது, அடிக்கடி நழுவுகிறதா, நாக்குச் சொடுக்கும் ஒலி வருகிறதா, விழுங்கும் ஒலி கேட்கிறதா, விட்டபின் காம்பு நசுங்கிச் சரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடையும் பேச வேண்டும்: பிறந்த சில நாள்களில் எடை ஓரளவு குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும், அதன்பின் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும்.

பிறகு, குற்றத்தை நாக்கின் மேல் சுமத்துமுன் மற்றவர்களை விசாரிக்க வேண்டும். குறைமாதப் பிறப்பு, மூக்கடைப்பு, தளர்ந்த தசைகள், வெளியே தெரியாத அண்ணப் பிளவு, பால் கட்டி இறுகிய மார்பு, குழந்தையைப் பிடிக்கும் விதம் ஆகிய ஒவ்வொன்றும் இதே அறிகுறிகளைத் தரும். தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தையல் வலியோடு படுத்திருக்கும் தாய்க்கு முதல் பாலூட்டல் தாமதமாகலாம், பால் சுரப்பு ஊறவும் கூடுதல் நாள்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் சேனை என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ குழந்தையின் வாய்க்குப் போய்விட்டால், பசி அடங்கிய குழந்தை மார்பைத் தேடாது, தேடாத மார்பில் சுரப்பு குறையும், மூன்றாம் நாள் யாரோ ஒருவர் குழந்தையின் நாக்கைத் தூக்கிப் பார்ப்பார். பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் 2019 ஆய்வு இங்கே கவனிக்கத்தக்கது: நாக்கு அறுவைக்காக அனுப்பப்பட்ட 115 பச்சிளங் குழந்தைகளைப் பாலூட்டல் வல்லுநர்கள் சேர்ந்து முழுமையாகப் பரிசோதித்துத் தாய்க்கு வழிகாட்டியபோது, 62.6 விழுக்காட்டினருக்கு அறுவையே தேவைப்படவில்லை. வெட்டச் சொல்லி அனுப்பப்பட்டவர்களிலேயே ஐந்தில் மூன்று பேர் வெட்டாமல் திரும்பினார்கள்.

வெட்டினால் உண்மையிலேயே பயன் உண்டா என்பதை நிறுவுவது பார்ப்பதைவிடக் கடினம். முதல் வாரங்களில் எல்லாக் குழந்தைகளும் குடிக்கக் கற்றுக்கொண்டு முன்னேறுகின்றன, தாயும் கற்கிறார். ஆகவே மூன்றாம் நாள் வெட்டிப் பத்தாம் நாள் சரியானால், வெட்டியதால் சரியானதா, வெட்டாவிட்டாலும் சரியாகியிருக்குமா என்று சொல்ல முடியாது. இதற்காகத்தான் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரிக்கும் சோதனைகள் தேவைப்படுகின்றன. 2011-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில் 58 குழந்தைகளில் 30 பேருக்கு உண்மையாக வெட்டினார்கள், 28 பேரை வேறு அறைக்கு எடுத்துச் சென்று வெட்டாமலே திருப்பிக் கொடுத்தார்கள். எந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்று தாய்க்குத் தெரியாது. அப்படியிருந்தும் வெட்டப்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. இது வலுவான சான்று. ஐந்து சோதனைகளை, மொத்தம் 302 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு 2017-இல் சொன்ன முடிவும் இதுவே: தாயின் காம்பு வலி குறுகிய காலத்தில் குறைகிறது; குழந்தை பால் குடிக்கும் திறன் மேம்படுகிறது என்பதற்கு ஒரே சீரான சான்று இல்லை.

நீண்ட கால விடைக்காகப் பிரிட்டனில் 870 குழந்தைகளோடு நடத்தத் திட்டமிட்ட பெரிய சோதனை, 169 பேர் சேர்ந்த நிலையில் முன்கூட்டியே நின்றுபோனது. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் பெற்றுக்கொண்டிருந்தவர்கள் வெட்டிய குழுவில் 88 விழுக்காடு, பாலூட்டல் உதவி மட்டும் பெற்ற குழுவில் 86 விழுக்காடு. பார்த்தால் வேறுபாடே இல்லை என்று தோன்றும். ஆனால் வெட்ட வேண்டாம் என்ற குழுவில் ஒதுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பின்னர் தாமாகவே போய் வெட்டிக்கொண்டார்கள். ஆகவே ஒப்பிடப்பட்டவை உண்மையில் இரு வேறு குழுக்களே அல்ல. இதைப் படித்து ‘வெட்டுவதால் பயனில்லை’ என்று எழுதுவோரும் தவறு செய்கிறார்கள், ‘வெட்டினால் தாய்ப்பால் நீடிக்கும்’ என்று விளம்பரம் செய்வோரும் தவறு செய்கிறார்கள். காத்திருக்கச் சொன்னால் வலியோடு இருக்கும் தாய் காத்திருக்க மாட்டார் என்ற மனித உண்மையைத்தான் அந்தச் சோதனை மிக உறுதியாக நிறுவியது.

சான்று இவ்வளவு மெலிந்திருக்க, அறுவைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. புட்டிப்பால் பெருகிய இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாட்டு மருத்துவர்கள் இந்த மடிப்பைப் பொருட்படுத்துவதையே விட்டிருந்தார்கள், ஏனெனில் ரப்பர் காம்பிலிருந்து குடிக்க நாக்கு இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. தாய்ப்பாலின் அருமை மீண்டும் உணரப்பட்டபோது மடிப்பும் மீண்டும் கண்ணில் பட்டது. அமெரிக்க மருத்துவமனைகளில் பிறந்தவுடன் இந்நிலை கண்டறியப்பட்ட குழந்தைகள் 1997-இல் 3,934, 2012-இல் 32,837. பதினைந்து ஆண்டுகளில் நாக்கின் உடற்கூறு எட்டு மடங்கு மாறியிருக்க வழியில்லை. மாறியது பார்க்கும் கண். பிரேசில் ஒரு படி மேலே போய், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாக்குச் சோதனை கட்டாயம் என்று 2014-இல் சட்டமே இயற்றியது. மேலுதட்டு மடிப்பு, கன்னத்து மடிப்பு என்று புதிய ‘கட்டுகளும்’ கண்டுபிடிக்கப்பட்டு லேசரால் எரிக்கப்படுகின்றன. கன்னத்து மடிப்புக்கு அறுவை செய்யவே கூடாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2020 கருத்தொருமிப்பு அறிக்கை திட்டவட்டமாகக் கூறுகிறது.

இருந்தும், தேவையான குழந்தைக்குத் தயங்குவதும் தீங்கு. கட்டு உண்மையிலேயே இருக்கிறது, பிடிக்கும் விதத்தைத் திருத்தியும் வலியோ எடைக்குறைவோ தொடர்கிறது, வேறு காரணம் தென்படவில்லை என்ற மூன்றும் கூடினால், முதல் வாரங்களிலேயே வெட்டிவிடுவது எளிது. காத்திருந்து பார்ப்பதன் விலை எல்லாத் தாய்க்கும் ஒன்றல்ல. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் 26 வாரச் சம்பள விடுப்பை அளித்தாலும், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டி எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு விடுப்பு என்று ஒன்று இல்லை; பட்டாசு ஆலைக்குத் திரும்பும் தாய், வெடிமருந்து புழங்கும் அந்த வளாகத்துக்குள் கைக்குழந்தையை எடுத்துச் செல்ல முடியாது. காம்பு வெடித்து, குழந்தை மெலிந்து, வேலைக்குத் திரும்பும் நாளும் நெருங்கினால் புட்டி தானாகவே வீட்டுக்குள் வந்துவிடும். ஆகவே சிவகாசிப் பகுதியில் ‘பொறுத்துப் பாருங்கள்’ என்று சொல்லும் மருத்துவர், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை எடை பார்க்கவும் பாலூட்டும்போது அருகிருந்து உதவவும் ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

வெட்டும் முறை எளியது. குழந்தையைத் துணியில் சுற்றி, நாக்கைத் தூக்கிப் பிடித்து, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் மெல்லிய மடிப்பை வெட்டி, உடனே தாயிடம் கொடுத்துவிடுகிறார்கள். சில துளி ரத்தம் வரும், பால் குடிப்பதே வலியையும் தணிக்கும். சிறு குழந்தைக்கு முழு மயக்க மருந்து தேவையில்லை. ஆனால் பிறந்தவுடன் போட வேண்டிய வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் உண்டா என்று கேட்காமல் தொடங்கக் கூடாது. கீழ்த்தாடை மிகச் சிறுத்துப் பின்னொதுங்கிய குழந்தைக்கு இந்த மடிப்பு நாக்கு தொண்டைக்குள் விழாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம். அங்கே வெட்டுவது மூச்சுக்கே ஆபத்து. மடிப்பின் இருபுறமும் உமிழ்நீர்க் குழாய்களின் வாய்கள் உள்ளன என்பதையும் கை மறக்கக் கூடாது. நகத்தால் கிள்ளிவிடும் பழைய பழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் அது இன்றே நிற்க வேண்டும். வெட்டிய இடத்தை நாள்தோறும் விரலால் இழுத்துத் தேய்க்கச் சொல்லும் வழக்கமும் பயன் நிறுவப்படாதது. குழந்தைக்கு வலியையும் வாயைத் தொட்டாலே வெறுப்பையும் தருவதால், முதலில் சொன்ன குழந்தை மருத்துவர் கழகத்தின் 2024 அறிக்கை அதைப் பரிந்துரைக்கவில்லை.

மிகப் பெரிய மயக்கம் பேச்சைப் பற்றியது. இரண்டரை வயதாகியும் பேசாத குழந்தைக்கு ‘நாக்கு ஒட்டியிருக்கு, அதான் பேச்சு வரலை’ என்று வசம்பு உரசித் தடவுவதும், பிறகு அறுவைக்கு அழைத்துப் போவதும் பரவலாக நடக்கின்றன. பேச்சு வராமைக்கும் பேச்சு தெளிவின்மைக்கும் வேறுபாடு உண்டு. ஒட்டிய நாக்கு உள்ள குழந்தையும் அம்மா, அப்பா, மாமா என்று உரிய காலத்தில் சொல்லத் தொடங்கும், ஏனெனில் அந்த ஒலிகளை உதடுகள் பிறப்பிக்கின்றன. சொல்லே வராத குழந்தைக்கு முதலில் சோதிக்க வேண்டியது காது. நெருங்கிய உறவில் மணம் முடிப்பது தமிழ்நாட்டில் 28 விழுக்காடு என்று மேற்சொன்ன கணக்கெடுப்பு கூறுகிறது. பிறவிக் காதுகேளாமையின் பல வகைகள் இத்தகைய மணங்களில் கூடுதலாக வெளிப்படுகின்றன. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் கண்டறிய வேண்டியவை என்று பட்டியலிட்ட முப்பது நிலைகளில் நாக்கு ஒட்டு இல்லை. பிறவிக் காதுகேளாமையும் மொழி வளர்ச்சித் தாமதமும் இருக்கின்றன. அந்த வரிசை சரியானது. நாக்கை வெட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் ஓராண்டு கழிந்தால், கேட்கும் கருவியோ உள்காது அறுவையோ பலன் தரும் பொன்னான காலம் போய்விடும்.

பேச்சு வந்து, தெளிவு மட்டும் இல்லாத குழந்தையைத் தமிழைக் கொண்டே சோதிக்கலாம். எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்திருக்கிறது. ட, ண இரண்டும் நாக்கின் நுனி அண்ணத்தைத் தொடப் பிறக்கின்றன. ற, ன இரண்டும் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தில் ஒற்றப் பிறக்கின்றன. ர, ழ இரண்டும் அதே நுனி வளைந்து வருடப் பிறக்கின்றன. நாக்கு உண்மையிலேயே எழ முடியாமல் கட்டுண்டிருந்தால் இந்த வரிசை முழுவதும் தடுமாற வேண்டும். ‘பட்டம்’, ‘கண்ணன்’ என்று திருத்தமாகச் சொல்லும் குழந்தை ‘பழம்’ என்பதை மட்டும் ‘பளம்’ என்றால், நுனி அண்ணம்வரை போய்வருகிறது என்பது அந்தக் குழந்தையின் வாயாலேயே நிறுவப்பட்டுவிடுகிறது. மதுரை, விருதுநகர் வட்டாரங்களில் ழகரம் ளகரமாக ஒலிப்பது பெரியவர்களின் வழக்கே. பிள்ளை தன் வீட்டில் கேட்ட தமிழைப் பேசுகிறது. ரகர, ழகரங்கள் இயல்பான குழந்தைகளுக்கும் தாமதமாகவே கைவருகின்றன என்பதால், நான்கு வயதுப் பிள்ளையின் ழகரத்துக்காகக் கத்தியை எடுப்பதற்கு நியாயமே இல்லை. ஒட்டிய நாக்கு பொதுவாகப் பேச்சைப் பாதிப்பதில்லை என்று மேற்சொன்ன 2020 அறிக்கையும் சொல்கிறது.

அரிதாகச் சில பிள்ளைகளுக்கு மேற்கண்ட வரிசை முழுவதுமே குழறும். வாயைத் திறந்த நிலையில் நாக்கு மேல் முன்பற்களின் பின்புறத்தைத் தொடாது, உதட்டை நக்கவோ கடைவாயில் ஒட்டிய சோற்றைத் துழாவவோ முடியாது. அத்தகைய பிள்ளைக்கு அறுவை நியாயமானதே. அந்த வயதில் அது முழு மயக்கத்தில், வெட்டிய இடம் மீண்டும் சுருங்காதபடி தையலிட்டுச் செய்யப்படுகிற பெரிய அறுவை என்பதால், முன்னதாகப் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் பார்த்து ஒலிகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின், இதற்காக மதுரைக்குப் பஸ் ஏற வேண்டிய கட்டாயம் இந்த மாவட்டத்துப் பெற்றோருக்குக் குறைந்திருக்கிறது. அறுவைக்குப் பிறகும் நாக்கு பழைய பாதையிலேயே புரளும், ஏனெனில் குறுகிய இடத்துக்குள் பேசப் பழகிய தசைகளுக்குப் புதிய இடம் இருப்பது தெரியாது. ட, ண, ழ ஒவ்வொன்றையும் கண்ணாடி முன் உட்கார்ந்து மீண்டும் பழக வேண்டும், அதற்குச் சில மாதங்கள் ஆகும்.